உபாத்தியாயரும் ஆராய்ச்சியும்

2025ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் தேதியன்று சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பொன்று தமிழ்நாட்டு உபாத்தியாயர்களிடையே பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. எட்டாம் வகுப்பு வரை போதிக்கும் உபாத்தியாயர்களில், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கியுள்ளவர்கள் இரண்டு வருஷத்திற்குள் தகுதிப் பரீட்சையில் தேற வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்த நாள் முதல் சங்கக் கூட்டங்கள், தீர்மானங்கள், மகஜர்கள் ஆகியவற்றிற்குக் குறைவில்லை. சட்டத்தின் நுணுக்கங்களை வைத்து வாதாட நாம் இங்கே முன்வரவில்லை. அதற்குரிய இடம் நியாயஸ்தலமே. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. பரீட்சையில் தேறின மறுநாட் காலையில் அந்த உபாத்தியாயர் வகுப்பிற்குள் நுழைகிறார். எதிரே முப்பது பிள்ளைகள் இருக்கின்றன. அவர்களில் பத்துப் பேருக்கு எழுத்துக்கூட்டவும் வராது. இப்பத்துப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? எந்தப் பரீட்சை சொல்லிக் கொடுத்தது?

குழந்தைகளின் நிலைமையை முதலிற் பார்ப்போம். பிரதம் என்னும் ஸ்தாபனத்தார் 2005ஆம் வருஷம் முதல் கிராமங்கள் தோறும் வீடுவீடாய்ச் சென்று, பிள்ளையை எதிரே உட்காரவைத்து, ஒரு காகிதத்திலுள்ள சிறு கதையை வாசிக்கச் சொல்லிக் கணக்கெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். 'அஸர்' என்று அந்த அறிக்கைக்குப் பெயர். இரண்டாம் வகுப்புப் பாடத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் வாசிக்க முடிகிறதா என்பதே அதிலுள்ள முக்கியமான கேள்வி. 2018இல் தேசமெங்குமுள்ள கிராமாந்தரப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முடிந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022இல் நூற்றுக்கு 43 பேருக்கே முடிந்தது. 2024இல் அந்தக் கணக்கு ஒருவாறு பழைய நிலைமைக்கு அருகில் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தின் வாசற்படியையே மிதியாத பிள்ளைகளைப் பற்றிய கணக்கல்ல இது. ஐந்து வருஷம் வந்து உட்கார்ந்து, ஆஜர்ப் பட்டியலில் பெயர் ஏறி, வகுப்பு வகுப்பாய்த் தேறிவிட்டதாகக் காகிதத்தில் எழுதப்பட்ட பிள்ளைகளின் கணக்கு. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்பிற்குப் போகும் பிள்ளைக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் அந்நிய தேசத்துப் பாஷை போலத்தான் இருக்கும். அங்கிருந்து அது மெல்ல மெல்ல வெளியேறிச் செங்கற் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்ச் சேர்வதைக் கண்டு நாம் ஏன் ஆச்சரியப்பட வேண்டும்?

இதற்குப் பரிகாரம் யாது என்று கேட்டால், 'உபாத்தியாயர்களுக்கு இன்னும் அதிகப் பயிற்சி' என்று சர்க்கார் தரப்பில் உடனே பதில் வரும். 2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மத்திய சர்க்கார் 'நிஷ்டா' என்னும் திட்டத்தை ஆரம்பித்தபோது 42 லட்சம் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளிப்பதாகக் கூறி, உலகத்திலேயே பெரிய பயிற்சித் திட்டம் இதுவேயென்று பெருமை பாராட்டினார்கள். 2020ஆம் வருஷத்துப் புதிய கல்விக் கொள்கையோ, ஒவ்வோர் உபாத்தியாயரும் வருஷந்தோறும் 50 மணி நேரம் தம்மை அபிவிருத்தி செய்துகொள்ள வேண்டுமென்கிறது. மணிக் கணக்கும் தலைக் கணக்கும் எடுப்பது எளிது. அந்த மணிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதல்லவா விஷயம்! தலைநகரில் ஒருவர் கேட்டதை ஜில்லாவில் ஒப்புவிக்கிறார். ஜில்லாவில் கேட்டவர் வட்டார வள மையத்தில் ஒப்புவிக்கிறார். அங்கே பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிராமத்து உபாத்தியாயரிடம் வந்து சேரும்பொழுது, கைமாறிக் கைமாறி வந்த நெய்க்குடம் போல, பாத்திரம் இருக்கிறது, நெய்யைத்தான் காணோம்.

பயிற்சியினால் பயனுண்டா இல்லையா என்பதை வெறும் அபிப்பிராயமாய் விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. இத்தேசத்திலேயே, இருபது வருஷங்களாக, வைத்தியர்கள் ஒரு மருந்தைச் சோதிப்பது போலப் பள்ளிக்கூடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, சிலவற்றில் ஓர் ஏற்பாட்டைச் செய்தும் சிலவற்றில் செய்யாமலும், இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்த ஆராய்ச்சிகள் பல நடந்திருக்கின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ என்ற பொருளாதார நிபுணர்கள் பிரதம் ஸ்தாபனத்தாரோடு சேர்ந்து நடத்தியவை இவற்றுள் முக்கியமானவை. 2019இல் மைக்கேல் கிரெமர் என்பவரோடு அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததைப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. பரிசைக் கொண்டாடிய அளவிற்கு அந்த ஆராய்ச்சிகளின் உள்ளடக்கத்தை நம்மவர் படித்ததாகத் தெரியவில்லை. ஆதலின் அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

2001ஆம் வருஷத்தில் பரோடாவிலும் பம்பாயிலும் முதற் சோதனை தொடங்கிற்று. வகுப்பில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே பிரித்து, அந்தப் பேட்டையிலேயே பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண்ணிடம் ஒப்புவித்தார்கள். அவள் பாடப் புஸ்தகத்தை ஒட்டிப் போகவில்லை. பிள்ளைக்கு எது தெரியுமோ அதிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளைகள் முன்னேறின. அதுவும் அவளிடம் போன பிள்ளைகளே பெரிதும் முன்னேறின. அவளுக்குப் பட்டமுமில்லை, உபாத்தியாயர் சம்பளத்தில் ஒரு சிறு பங்கே கிடைத்தது. 'பார்த்தீர்களா! உபாத்தியாயர்களே வேண்டாம்' என்று குதூகலிக்கும் சிக்கனவாதிகள் சற்றுப் பொறுக்க வேண்டும். கதை இன்னும் முடியவில்லை.

2008ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பீகாரில் கோடை விடுமுறை முகாம் நடந்தது. போதித்தவர்கள் சர்க்கார் உபாத்தியாயர்கள். அதே முறைப்படி, பிள்ளைகளை வயதின்படி பிரிக்காமல் வாசிக்கும் திறமையின்படி கூட்டங்களாய்ப் பிரித்து, ஏறக்குறைய ஒரு மாதம் போதித்தார்கள். பிள்ளைகள் தெளிவாகவே முன்னேறின. ஆகவே சர்க்கார் உபாத்தியாயருக்குத் திறமையில்லை யென்ற பேச்சு அன்றே அடிபட்டுப் போயிற்று. பின்பு பள்ளிக்கூடங்கள் திறந்தன. அதே மாகாணத்தில், சில பள்ளிகளுக்குப் புது மாதிரிப் புஸ்தகங்களும் அட்டைகளும் மட்டும் கொடுத்தார்கள். சில பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கு அவற்றோடு பயிற்சியும் கொடுத்தார்கள். வேறு சிலவற்றிற்கு இவ்விரண்டோடு கிராமத்துத் தொண்டர்களையும் துணைக்கு அனுப்பினார்கள். முடிவு என்ன? அட்டைகளால் ஒன்றும் விளையவில்லை. பயிற்சியாலும் சொல்லத்தக்க பயன் இல்லை. தொண்டர்கள் பள்ளி நேரத்திற்கு வெளியே உட்கார்ந்து போதித்த இடங்களில் மட்டும் பிள்ளைகள் முன்னேறின. உத்தராகண்டத்தில் அத்தொண்டர்களையே பள்ளிக்குள் அழைத்துக்கொண்டு சாதாரண உபாத்தியாயர்களைப் போல உபயோகித்தார்கள். அங்கே பலன் பூஜ்யம்.

ஜூன் மாதத்தில் போதிக்கத் தெரிந்திருந்த உபாத்தியாயருக்கு ஜூலையில் என்ன நேர்ந்தது? அவர் மாறவில்லை, அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறிற்று. ஜூனில் பாடப் புஸ்தகம் இல்லை. பின்தங்கிய பிள்ளையை வாசிக்கச் செய்வது ஒன்றே அவருக்கு இட்ட வேலை. ஜூலையில் பாடப் புஸ்தகம் வந்துவிட்டது. இன்ன மாதத்தில் இன்ன பாடம் முடிய வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தால் 'எத்தனை பாடம் ஆயிற்று?' என்று கேட்பாரேயன்றி 'எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?' என்று கேட்கமாட்டார். முன்னால் போகும் பத்துப் பிள்ளைகளோடு புஸ்தகம் முன்னால் போகிறது. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஒழுக்கமென்று ஆகிவிடுகிறது.

இவ்வாராய்ச்சி நடந்து இரண்டு வருஷங் கழித்து, 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 24ஆம் பிரிவு உபாத்தியாயரின் கடமைகளைக் கூறுகிறது. குறித்த காலத்திற்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டுமென்று ஒரு வாசகம். ஒவ்வொரு பிள்ளையின் திறமையையும் அறிந்து, தேவையானால் அதற்குத் தக்கபடி அதிகப் போதனை அளிக்க வேண்டுமென்று அடுத்த வாசகம். இரண்டும் ஒரே பிரிவில், ஒன்றன் கீழ் ஒன்றாக, சம அந்தஸ்தோடு நிற்கின்றன. முதல் வாசகத்திற்கு ரிஜிஸ்தர் உண்டு, தணிக்கை உண்டு, விளக்கம் கேட்கும் தாக்கீது உண்டு. இரண்டாவதற்கு யாதொன்றுமில்லை. ஒரு சட்டத்தின் இரு வாசகங்களில் ஒன்றை மட்டும் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது தானாகவே செத்துப்போகும். வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இது புதிய சேதியல்ல.

2012–13ஆம் வருஷத்தில் ஹரியானாவில் இந்தப் பாடத்தை உணர்ந்து நடந்தார்கள். பள்ளி நேரத்திற்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம் இதற்கென்று தனியே ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு மணியில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்ற பேதமில்லை. எழுத்துத் தெரிந்தவர் ஒரு பக்கம், சொல் வாசிப்பவர் ஒரு பக்கம், கதை வாசிப்பவர் ஒரு பக்கம். உபாத்தியாயர்களை மேற்பார்க்க வேண்டிய வட்டார உத்தியோகஸ்தர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். கொடுத்ததோடு நிறுத்தாமல், அவர்களையே இரண்டு மூன்று வாரம் ஒரு வகுப்பில் நிற்கவைத்துப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் செய்தார்கள். அதன் பின்னரே அவர்கள் உபாத்தியாயர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும், பள்ளிக்குப் போய்ப் பார்க்கவும் அனுமதிக்கப்பட்டார்கள். இம்முறை ஹிந்தி வாசிப்பில் பிள்ளைகள் முன்னேறின. போதித்தவர்கள் சர்க்கார் உபாத்தியாயர்களே. சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடித்துப் பல வருஷமான மேற்பார்வையாளர், வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெழுதுவதற்கும், நேற்றுத்தான் அதே பாடத்தைப் போதித்துத் திண்டாடிய ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த உபாத்தியாயரும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

மாறாக, காகிதத்தை மட்டும் நம்பின ஏற்பாடுகள் என்னவாயின? ஆந்திராவில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சி 2010இல் வெளியாயிற்று. பிள்ளைகளைச் சோதித்து, யார் யார் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று விவரமான ரிப்போர்ட் தயாரித்து உபாத்தியாயர்களிடம் கொடுத்தார்கள். பார்க்க ஆள் வந்த நாளில் வகுப்பு சுறுசுறுப்பாய் நடந்தது. வருஷ முடிவில் பிள்ளைகளின் மார்க்கில் மாறுதல் ஒன்றுமில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிதோறும் குறைகளைக் கணக்கெடுத்து அபிவிருத்தித் திட்டம் எழுதவைத்தார்கள். திட்டங்கள் அழகாய் எழுதப்பட்டன. பிள்ளைகள் கற்றதில் வித்தியாசமில்லையென்று ஆராய்ச்சி காட்டிற்று. காட்டியும் என்ன! அந்த ஏற்பாட்டின் சாயலிலேயே 'ஷாலா சித்தி' என்ற பெயரில் தேசமெங்கும் லட்சக்கணக்கான பள்ளிகளுக்கு ஒரு திட்டம் விஸ்தரிக்கப்பட்டது. எதிர்ச்சாட்சி கூண்டில் நிற்கும்போதே தீர்ப்பெழுதி முடித்த மாஜிஸ்திரேட்டை நாம் பார்த்ததுண்டு. சாட்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டு அதற்கு நேர் விரோதமாய் எழுதினவரை இங்கேதான் பார்க்கிறோம்.

தமிழ்நாட்டிற்கு வருவோம். ஆராய்ச்சிக்கும் வகுப்பறைக்கும் உள்ள சம்பந்தத்தில் நம்மவர் யாருக்கும் பின்னிட்டவர்களல்லர். 1789இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் ஆசிரமத்தின் மேலதிகாரியாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மலையாளப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் அனுஷ்டித்தார். கீழ்வகுப்புக்குப் பெரிய பிள்ளையையே உபாத்தியாயராக்கினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் அதிசயமென்ன? 1797இல் பெல் தமது சோதனையை லண்டனில் அச்சிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் கண்டதையெல்லாம் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. வகுப்பறையில் நின்று கண்டார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுகிறோம்.

2003ஆம் வருஷத்தில் சென்னைக் கார்ப்பொரேஷன் பள்ளிகளில், அப்போது கமிஷனராயிருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால், செயல்வழிக் கற்றல் என்னும் முறை ஆரம்பமாயிற்று. மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷிவேலியில் சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காகப் பல வருஷங்களாய் உருவாக்கப்பட்ட முறையே இதற்கு மூலம். கார்ப்பொரேஷன் உபாத்தியாயர்கள் ரிஷிவேலிக்குச் சென்று கண்ணால் பார்த்தார்கள். திரும்பிவந்து தாங்களே அட்டைகளைத் தயாரித்தார்கள். பாடப் புஸ்தகம் சிறு சிறு படிகளாய்ப் பிரிக்கப்பட்டு ஏணியாயிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமாய் உட்கார்ந்து, அவரவர் படியில் அவரவர் ஏறினார்கள். உபாத்தியாயர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தார். பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கியது கார்ப்பொரேஷன் முழுவதும் பரவி, 2007–08இல் மாநிலமெங்கும் 37,000க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே வீச்சில் விஸ்தரிக்கப்பட்டது. பதின்மூன்று பள்ளிகளின் உபாத்தியாயர்கள் தாங்கள் செய்த அட்டையைக் கையில் எடுத்தார்கள். பிற்பாடு வந்தவர்களோ பெட்டியில் வந்து இறங்கிய அட்டையை எடுத்தார்கள். ஒன்றில் ஏன் இந்தப் படி என்று அவர்களுக்குத் தெரியும். மற்றதில் உத்தரவு வந்தது என்று மட்டும் தெரியும். இம்முறை எங்கே வேரூன்றிற்று, எங்கே வாடிற்று, ஏன் வாடிற்று என்ற விசாரணை பகிரங்கமாய்ப் போதிய அளவு நடக்கவில்லை யென்பதே நம் அபிப்பிராயம். 2022ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆரம்பமாயிற்று. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைமைக்குத் தக்கபடி பிரிக்கும் அதன் தத்துவம் மேற்சொன்ன ஆராய்ச்சிகளுக்கு இசைந்ததே. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், எமிஸ் பதிவேற்றத்திலும் ஆன்லைன் மதிப்பீட்டிலும் போதிக்கும் நேரம் கரைகிறதென்று உபாத்தியாயர் சங்கங்கள் முறையிட்டதைச் சோம்பேறிகளின் முனகலென்று தள்ளிவிடக் கூடாது. பீகாரில் நல்ல முறையைக் கெடுத்தது பாடப் புஸ்தகம். இங்கே அதே வேலையைச் செல்போன் செய்யக்கூடும்.

உபாத்தியாயர்களிலும் உழைக்காதவர்கள் இல்லையா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறார்கள். எந்தத் தொழிலில் இல்லை? அத்தொழிலுக்கு ஆளைத் தயாரிக்கும் இடங்களை யாரிடம் விட்டோம் என்பதையும் அந்த நண்பர்கள் விசாரிக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டார் நியமித்த நீதிபதி ஜே. எஸ். வர்மா கமிஷன் 2012இல் கொடுத்த ரிப்போர்ட்டின்படி, தேசத்து ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு தனியார் கையிலிருந்தன; மஹாராஷ்டிரத்தில் ஆராயப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அதற்கே தகுதியற்றவையென்று காணப்பட்டன. 1986ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி ஜில்லாதோறும் ஏற்பட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாராய்ச்சி நடத்துவதும் ஒரு கடமையாய் விதிக்கப்பட்டது. அவ்வாராய்ச்சிகள் நடக்கின்றன, பைண்டு செய்யப்படுகின்றன, பீரோவில் வைத்துப் பூட்டப்படுகின்றன. பக்கத்து ஒன்றியத்து உபாத்தியாயர் அவற்றில் ஒன்றையாவது படித்ததுண்டா?

ஜப்பானியர் 'ஜுகியோ கென்கியூ' என்றழைக்கும் ஒரு வழக்கம் நூறு வருஷத்திற்கும் மேற்பட்டது. நாலைந்து உபாத்தியாயர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்காய் யோசித்து அமைப்பார்கள். ஒருவர் பிள்ளைகளுக்கு அதைப் போதிப்பார்; மற்றவர்கள் சுற்றி நின்று, போதிப்பவரைப் பாராமல் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறிற்று என்று குறிப்பெடுப்பார்கள். பின்பு கூடிப் பேசித் திருத்தி, இன்னொரு வகுப்பில் மறுபடி போதிப்பார்கள். இதற்குக் கோடி ரூபாயும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம். வேண்டியது நேரம், தப்பினால் தாக்கீது வராது என்ற தைரியமும் வேண்டும்.

நம்மிடம் குறுவள மையங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து பள்ளிகளின் உபாத்தியாயர்கள் அங்கே கூடுகிறார்கள். பெரும்பாலும் சனிக்கிழமையில், பிள்ளைகளில்லாத வகுப்பறையில் கூடி, மேலிருந்து வந்த வீடியோவைப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கலைகிறார்கள். இக்கூட்டத்தைப் பள்ளி நடக்கும் நாளொன்றில், பிள்ளைகள் எதிரே இருக்கையில், ஒரு பாடத்தை ஒருவர் போதிக்க மற்றவர்கள் கவனிக்கும் கூட்டமாய் மாற்ற வேண்டுமென்று கல்வி இலாகாவை வற்புறுத்துகிறோம். ஆசிரியர் பயிற்றுநர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் வருஷத்தில் மூன்று வாரமாவது ஒரு தொடக்கப் பள்ளியில் தாமே போதிக்க வேண்டும். புதுத் திட்டம் எதையும் மாநிலமெங்கும் விஸ்தரிக்குமுன் சில நூறு பள்ளிகளில் சோதித்து, பலித்ததையும் பலியாததையும் ஒரே எழுத்தளவில் தமிழில் அச்சிட்டு, அந்தப் பள்ளிகளின் உபாத்தியாயர் பெயரையும் ஆராய்ச்சியாளர் பெயரோடு போடட்டும்.

தொண்டில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தரப் பிரதேசத்து ஜோன்பூர் ஜில்லாவில் 2005–06இல் ஒரு சோதனை நடந்தது. சில கிராமங்களில் கூட்டம் கூட்டி, கல்விக் குழுவுக்குள்ள அதிகாரத்தை எடுத்துச் சொன்னார்கள். பிள்ளைகளின் வாசிப்பு எவ்வளவு மோசமென்று ஜனங்களுக்குக் காட்டினார்கள். ஜனங்கள் கேட்டுவிட்டு வீட்டிற்குப் போனார்கள்; பள்ளியில் ஒன்றும் மாறவில்லை. வேறு சில கிராமங்களில் இவற்றோடு, வாலிபர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுக்கச் செய்தார்கள். அங்கே வந்த பிள்ளைகளில் எழுத்தே தெரியாதவர்கள் எழுத்தறிந்தார்கள். தமிழ்நாட்டிலேயே, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இதே உண்மையை நிரூபித்தது. கொரோனாவில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் மீட்டுக்கொண்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இத்தொண்டர்களால் விளைந்ததென்றும், சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2022இல் கணக்கிட்டது. தொண்டர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் பெண்கள்; அவர்களுக்குக் கிடைத்தது மாதம் ஆயிரம் ரூபாய்.

அந்தப் பெண்கள் அந்த மாலைகளில் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறதென்று கண்டதையெல்லாம், காலையில் அதே பிள்ளைக்குப் போதிக்கும் உபாத்தியாயரோடு உட்கார்ந்து பேச எத்தனை பள்ளிகளில் ஏற்பாடு செய்யப்பட்டது? கல்வி இலாகா இதற்கு ஜில்லாவாரியாய் ஒரு கணக்கு வெளியிடட்டும். அக்கணக்கு வந்தால் நாம் முழுவதையும் இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.